ரப்பர் வேகத்தடை: அம்மாபேட்டைத் தெரு ஒன்றில் ஓராண்டு அனுபவம்

குடியிருப்புத் தெருக்களுக்கென்று விற்கப்படும் மஞ்சள்-கறுப்பு ரப்பர் வேகத்தடையைச் சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் தெருவில் பொருத்தி ஓராண்டு முடிந்துவிட்டது. விலை விசாரித்தது, அனுமதி பெற்றது, பொருத்தியது, பழுது பார்த்தது ஆகிய எல்லாவற்றிலும் தெருச் சங்கத்தின் சார்பில் உடனிருந்தவன் நான். இந்தப் பொருள் எங்கே பயன்படுகிறது, எங்கே பயன்படவில்லை என்பதை, இதை வாங்க நினைக்கும் மற்ற தெருக்காரர்களுக்காக எழுதுகிறேன். வாங்கிய கடையின் பெயரையும் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் பார்த்த குறைகளில் பெரும்பாலானவை ஒரு நிறுவனத்தின் குறைகள் அல்ல. அந்தப் பொருளின் வடிவத்திலேயே இருப்பவை.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 18 அடி அகலம், சுமார் 220 மீட்டர் நீளம். இரு பக்கமும் வீடுகள். பல வீடுகளில் திண்ணையைத் தாண்டினால் அடுத்த அடி சாலைதான், நடைபாதை என்று ஒன்று கிடையாது. என் சிறுவயதில் விடியற்காலையில் இந்தத் தெருவின் நடுவிலேயே, தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலான பாவை விரித்துக் கஞ்சி போடுவார்கள். பாவு விரிப்பதற்கென்று பாவடி தனியாக இருந்தாலும், இடம் கிடைக்காதவர்களுக்குத் தெருதான் பாவடி. நூலை அறுத்துவிடக் கூடாதே என்று சைக்கிளில் வருகிறவர் கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பிறகு தறிகள் குறைந்தன, சுற்றிய பாவே விலைக்குக் கிடைக்கத் தொடங்கியது, தெருவுக்குக் கான்கிரீட் போட்டார்கள். பாவு போன இடத்தில் வேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது கைப்பேசி வரைபடமும், பிரதான சாலையில் நெரிசல் ஏற்பட்டால், எங்கள் தெருவைக் குறுக்கு வழியாகக் காட்டுகிறது.

எதிர் வீட்டு ஆயா, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துத் திரும்பும்போது இருசக்கர வாகனம் மோதி இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். ஓட்டி வந்தவர் கெட்டவர் அல்ல. இறங்கி ஓடி வந்து அவரே ஆட்டோ பிடித்தார். "திடீர்னு வந்துட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மைதான். இவ்வளவு குறுகலான தெருவில் யார் வந்தாலும் திடீரென்றுதான் வருவார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் வேகத்தடை என்ற பேச்சு எழுந்தது.

அந்தக் கூட்டத்தில் நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு மனிதரைப் பார்த்து, பிரேக்கைத் தொடுவதற்கு ஓட்டுநருக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல பிரேக். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் சுமார் 8 மீட்டருக்குள் முழுதாக நின்றுவிடுவார். 30 கிலோமீட்டர் என்றால் சுமார் 13 மீட்டர். 40 கிலோமீட்டர் என்றால் 20 மீட்டர். இந்த எண்களில் முக்கியமானது வேறொன்று: 40 கிலோமீட்டரில் வருகிறவர் அந்த ஒரு விநாடிக்குள்ளேயே 11 மீட்டர் கடந்துவிடுகிறார். ஆகவே 20 கிலோமீட்டரில் வந்தவர் நின்று முடித்த இடத்தில் இவர் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார்; முழு வேகத்தில் மோதுவார். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதும் பள்ளியில் படித்ததுதான். திண்ணையிலிருந்து தெருவின் நடுவுக்கு ஒரு குழந்தைக்கு மூன்று எட்டு. எங்கள் தெருவுக்கு 20 வேண்டும் என்று கேட்டது இதனால்தான்.

கடைக்காரரைப் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாங்கள் அதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். பொதுச் சாலையில் வேகத்தடையை நாமாக வாங்கிப் பொருத்த முடியாது. மாநகராட்சியின் அனுமதியும் போக்குவரத்துக் காவல் துறையின் கருத்தும் வேண்டும். வேக வரம்பும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 112ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்காக ஒரு பகுதிக்கோ ஒரு சாலைக்கோ குறைந்த வேக வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. அந்த வரம்பை அறிவிக்கை செய்து, உரிய பலகையையும் நட்டால்தான் மீறியவருக்கு 183ஆம் பிரிவின்கீழ் அபராதம் விதிக்க முடியும். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, கறுப்பு எண் கொண்ட பலகையைக் கடையில் வாங்கி நாமே கம்பத்தில் கட்டினால், அது பார்ப்பதற்கு அரசுப் பலகை போல இருக்குமே தவிர யாரையும் கட்டுப்படுத்தாது. எங்களிடம் அந்தப் பலகையையும் சேர்த்து விற்கப் பார்த்தார்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பொருளை விற்கும் எவரும் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அனுமதி கேட்டு எழுதும்போது, வேண்டுகோளாக மட்டும் எழுதாமல் முன்மாதிரியையும் காட்டுவது உதவும். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை வேக வரம்புகளை மாற்றி அமைத்தபோது, கார் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40 என்று வைத்துவிட்டு, குடியிருப்புப் பகுதிகளுக்குள் எல்லா வாகனங்களுக்கும் 30 என்று தனியாக நிர்ணயித்தது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி வெளியிட்ட சாலைப் பாதுகாப்புப் பிரகடனமும், நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரை உச்ச வரம்பாக வைக்கச் சொல்கிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே குடியிருப்புத் தெருக்கள் முழுவதற்கும் 30 என்று வைத்துவிட்டது. இவற்றையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, தெருவின் அளவுகளை வரைந்து, 42 வீடுகளின் கையெழுத்தோடு கொடுத்தோம். பார்வையிட வந்த பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். தெருவின் இரு முனைகளிலும், பிரதான சாலையின் விளிம்பிலிருந்து 5 மீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்தும்படி சொன்னார். சரியாக முனையிலேயே வைத்தால், திரும்பும்போதே சாய்ந்திருக்கும் இருசக்கர வாகனம் வழுக்கிவிடும் என்று அவர் விளக்கினார்; கடைக்காரர் குறித்துக் கொடுத்திருந்த இடமோ அந்த முனைதான்.

இனி பொருளுக்கு வருகிறேன். ஒரு துண்டு 50 சென்டிமீட்டர் நீளம், வண்டி போகும் திசையில் 35 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும். ஓரங்களில் அரைவட்ட முடிவுத் துண்டுகள். எங்கள் 18 அடித் தெருவில், மழைநீர் ஓட இரு பக்கமும் ஓர் அடி விட்டது போக, ஒரு வரிசைக்கு 9 துண்டுகளும் 2 முடிவுத் துண்டுகளும் தேவைப்பட்டன. ஹேமர் டிரில்லால் துளையிட்டு, ஆங்கர் போல்ட் போட்டு முறுக்க இரண்டு பேருக்கு ஒரு வரிசைக்கு அரை நாள் பிடித்தது. விலை கேட்கும்போது போல்ட், முடிவுத் துண்டுகள், பொருத்துக்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். எங்களுக்குச் சொன்ன விலையில் முடிவுத் துண்டுகள் சேரவில்லை என்பது ரசீது வந்த பிறகுதான் தெரிந்தது.

பொருளின் தரத்தில் எனக்குக் குறையில்லை. ரப்பர் தேயவில்லை, வெடிக்கவில்லை. நூல் ஏற்றி வரும் குட்டியானையும் தண்ணீர் லாரியும் தினமும் ஏறி இறங்கியும் உயரம் குறையவில்லை. மஞ்சள் நிறம் ஆறு மாதத்தில் புழுதியேறி மங்கியது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் திரும்பி வருகிறது. துண்டுகளில் பதித்திருந்த சிறிய பிரதிபலிப்பான்களில் சில உதிர்ந்துவிட்டன. தெருவிளக்கு எரியும் இடத்தில் இது பெரிய குறையில்லை. விளக்கில்லாத இடத்தில் ஆபத்து.

பழுது வந்தது தரையால். எங்கள் தெருவின் மேற்கு முனையில் கான்கிரீட். அங்கே போட்ட போல்ட் இன்று வரை அசையவில்லை. கிழக்கு முனையில் சில மீட்டருக்குத் தார். சித்திரை வெயிலில் தார் இளகியதும் அங்கே போல்ட்கள் ஆடத் தொடங்கின; அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் இரண்டு துண்டுகள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றன. தூக்கிய துண்டைவிட, தலை நீட்டிய போல்ட் மோசமானது. ஒரு சைக்கிளின் டயரைக் கிழித்துவிட்டது. பொருத்தியவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்து, நீளமான போல்ட் போட்டு, துளையில் எப்பாக்சி என்ற ஒட்டுப்பசையை ஊற்றிச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு நிற்கிறது. அந்த இரண்டு வாரமும் அந்த இடத்தில் நாங்களே மணல் மூட்டை வைத்துக் காவல் காத்தோம். தார்ச் சாலை என்றால் எந்த போல்ட், எவ்வளவு ஆழம், எப்பாக்சி உண்டா, பழுது வந்தால் எத்தனை நாளில் வருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வேகம் குறைந்ததா என்பதுதான் முக்கியமான கேள்வி. தெருவின் நடுப்பகுதியில் 50 மீட்டரை அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். 50 மீட்டரைக் கடக்க 9 விநாடி ஆனால் வேகம் 20. 6 விநாடி என்றால் 30. நாலரை விநாடி என்றால் 40. இந்த மூன்று எண்களும் போதும். வேறு கருவி வேண்டாம். முன்பு இருசக்கர வாகனங்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஐந்து விநாடிக்குள் போய்க்கொண்டிருந்தன. ரப்பர் பொருத்திய பிறகு தெருவின் இரு முனைகளிலும் எல்லோரும் ஏறத்தாழ நின்று ஏறுகிறார்கள். அங்கே பத்து கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனால் நடுவில் என் கடிகாரம் காட்டியது ஐந்து விநாடிதான். முனையில் இழந்த நேரத்தை நடுவில் பிடிக்கப் பார்க்கிறார்கள். 200 மீட்டர் இடைவெளி இருந்தால் ஓர் இளைஞருக்கு முறுக்குவதற்கு அது தாராளம். கிழக்கு முனை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது: ஒவ்வொரு வண்டியும் தடையைத் தாண்டியதும் முறுக்கும் ஓசை, இரவு பதினொரு மணிக்கும். ஆயாவின் வீடு இருப்பதோ தெருவின் நடுவில்.

ஆகவே இந்தப் பொருளைப் பற்றிய என் முதன்மையான தீர்ப்பு இதுதான்: இது ஓர் இடத்தின் வேகத்தைக் குறைக்கிறது, தெருவின் வேகத்தைக் குறைப்பதில்லை. குறுக்குச் சந்து சேரும் முனை, பள்ளி வாயில், கோயில் வாசல் போன்ற ஒரு புள்ளியில் வண்டி மெதுவாக வேண்டும் என்றால் இது பொருத்தமானது. தெரு முழுவதும் நிதானமாக வேண்டும் என்றால் இரண்டு வரிசை போதாது; நிறைய வரிசைகள் போடுவதோ இன்னும் மோசமான யோசனை.

ஏன் மோசம் என்று விளக்க வேண்டும். 35 சென்டிமீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் ஏறி இறங்குவது சக்கரத்துக்கு ஒரு குத்து. சைக்கிளில் பால் கேன் கட்டி வருகிறவர், முதுகுவலிக்காரர், நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றி வரும் ஆட்டோ ஆகியோர்தான் அந்தக் குத்தை முழுதாக வாங்குகிறார்கள். நல்ல ஸ்பிரிங் உள்ள காரோ, வேகமாக வந்தால், உடல் அசையாமல் சக்கரம் மட்டும் துள்ளிக் கடந்துவிடுகிறது. குறுகலான தடையில் வேகம் கூடக் கூட அசௌகரியம் குறையும் இந்தக் குணம் 1970களிலேயே பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் கவனிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக அங்கே உருவானதுதான் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அகன்ற மேடு. நம் இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுநெறியான ஐஆர்சி 99-உம், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு அதே 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்ற அளவைத்தான் சொல்கிறது. தடைக்கு 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கவும் சொல்கிறது. ரப்பர் துண்டின் அகலம் இந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டு வளாகம், மருத்துவமனை வண்டி நிறுத்துமிடம் போன்ற இடங்களில் ஊர்ந்து போகும் வண்டிகளுக்கான பொருள் அது. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் "ஸ்பீடு பிரேக்கர்" என்று சொல்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

இன்னொரு குறையைப் பொருத்திய மறுநாளே பார்த்தோம். மழைநீருக்கு விட்ட ஓரடி இடைவெளியில் இருசக்கர வாகனங்கள் நுழையத் தொடங்கின. தெருவின் நடுவில் போய்க்கொண்டிருந்த வண்டி, தடையைத் தவிர்க்க இப்போது சாக்கடை ஓரமாக, திண்ணையை உரசிக்கொண்டு போகிறது. காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்காகப் போட்ட ஒன்று வண்டியை மனிதருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பொறியாளரிடம் சொல்லி, அவர் ஒப்புதலோடு, இரு ஓரங்களிலும் வளைந்து நிமிரும் ஸ்பிரிங் கம்பங்களை நட்ட பிறகுதான் அது நின்றது. இந்தக் கம்பங்களையும் சேர்த்து வாங்காமல் வேகத்தடையை மட்டும் வாங்குவது அரைகுறை வேலை.

அந்தக் கம்பங்கள் எதிர்பாராத ஒன்றையும் செய்தன. 18 அடித் தெரு அந்த இடத்தில் கண்ணுக்கு ஒடுங்கித் தெரிந்ததும், தடை இருப்பதை அறியாத புதியவர்கள்கூட முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தார்கள். பாவு விரித்திருந்த காலத்தில் நடந்ததும் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று வேக வரம்பு என்று யாரும் பலகை வைக்கவில்லை. வண்டிக்கு இருந்த இடம் குறைவு, தெருவில் மனிதர்கள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அகலமாகவும் வெறிச்சென்றும் தெரிகிற தெருவில் 20 என்று எழுதி வைத்தால் கண் ஒன்று சொல்லும், பலகை வேறொன்று சொல்லும். ஓட்டுகிறவர் கண் சொல்வதைத்தான் கேட்பார்.

இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு, தெருவின் நடுவில், ஆயா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, அளவு மாறாமல் 3.7 மீட்டரில் ஓர் அகன்ற கான்கிரீட் மேடு அமைக்கப்பட்டது. வெள்ளைக் கோடுகளும் பலகையும் வந்தன. என் சுண்ணாம்புக் கோட்டில் இப்போது பெரும்பாலான வண்டிகள் ஏழு விநாடிக்குக் குறையாமல் கடக்கின்றன. அதாவது 25 கிலோமீட்டர் சுமார். கியரைக்கூட மாற்றாமல் ஏறி இறங்கிப் போகிறார்கள், முறுக்கும் ஓசை இல்லை. கடந்த மாதம் இரவில் வந்த 108 வண்டியின் ஓட்டுநரிடம் கேட்டேன். நடு மேட்டில் சிரமமில்லை, முனையில் இருக்கும் ரப்பரில்தான் ஏறத்தாழ நிறுத்த வேண்டியிருக்கிறது என்றார். உள்ளே படுத்திருக்கும் நோயாளியின் இடத்திலிருந்து யோசித்தால் அந்த ஒரு பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரப்பருக்கு ஆதரவாக ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதைக் கழற்ற முடியும். ஆடியில் அம்மன் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, தூக்கி வருகிறவர்கள் கால் தடுக்கிவிடக் கூடாது என்று முதல் நாள் மாலையே மேற்கு வரிசையைக் கழற்றி வைத்து, மறுநாள் காலை அதே துளைகளில் திரும்பப் பொருத்தினோம். ஒரு ஸ்பேனரும் ஒன்றரை மணி நேரமும் போதுமானதாக இருந்தது. எந்த இடத்தில் தடை வேண்டும் என்று உறுதியாகத் தெரியாத தெருவுக்கு, சில மாதம் வைத்துப் பார்த்து இடம் மாற்றிக்கொள்ள, இதைவிட எளிய பொருள் இல்லை. எங்களுக்கும் நடு மேடு எங்கே வர வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்தது ரப்பரின் தோல்விதான்.

எண்ணாகச் சொல்ல வேண்டுமானால், பொருளின் உழைப்புக்கு ஐந்துக்கு நான்கு. கான்கிரீட் தரையில் பொருத்திய வேலைக்கு நான்கு, தாரில் பொருத்திய வேலைக்கு ஒன்றரை. விற்பனையில் சொல்ல வேண்டியதைச் சொன்னதற்கு ஒன்று. தெருவின் வேகத்தைக் குறைத்ததற்குத் தனியாக மதிப்பெண் கேட்டால், ரப்பருக்கு இரண்டும், ஓரத்துக் கம்பங்களுக்கு மூன்றும், அகன்ற மேட்டுக்கு நாலரையும் கொடுப்பேன்.

சங்கத்தின் சென்ற வாரக் கூட்டத்தில், கிழக்கு முனையின் ரப்பர் வரிசையை எடுத்துவிட்டு அங்கேயும் ஓர் அகன்ற மேடு கேட்பது என்றும், தெரு முழுவதற்கும் 20 கிலோமீட்டர் என்று முறைப்படி அறிவிக்கை கோரி மீண்டும் மனுக் கொடுப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. கழற்றும் 9 துண்டுகளையும், போல்ட் உட்பட, பக்கத்துத் தெருவின் பால்வாடி முன்பு பொருத்துவதற்குக் கேட்டிருக்கிறார்கள். அங்கே தரை கான்கிரீட், வாயிலும் ஒன்றே ஒன்று. அந்த இடத்துக்கு இது சரியாகப் பொருந்தும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு ஸ்பிரிங் கம்பங்களையும் அவர்களுக்கே கொடுத்துவிடப் போகிறோம். ஆயா இப்போது கைத்தடி ஊன்றித் தெருக்குழாய் வரை வருகிறார். குடத்தைப் பேத்தி தூக்கிக்கொள்கிறாள்.